நுங்கு காய்க்காத மரத்தில் என் அப்பா எதற்கு ஏறினார்?

மதிப்புக்குரிய அலுவலர் அவர்களுக்கு,

பனையிலிருந்து விழுந்து இறந்த என் அப்பாவுக்கான உதவித்தொகை கேட்டு நாங்கள் போட்ட மனுவுக்கு, உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் மொத்தம் நாலு வரி. அதில் மூன்றாவது வரிக்குத்தான் இந்தப் பதில். 'மனுதாரரின் தந்தை, இறந்த தேதியில் பனைத் தொழிலில் ஈடுபட்டிருந்தார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லாததால் மனு நிராகரிக்கப்படுகிறது.' மேல்முறையீடாக இரண்டு தடவை உங்களுக்கே எழுதினேன். இரண்டுக்கும் தபால் ரசீது இருக்கிறது, பதில் இல்லை. அதனால் இந்தத் தடவை ஊர் படிக்க எழுதுகிறேன்.

நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள். 11 வருடமாக அடுத்தவர்களின் ஆதாரங்களை நகலெடுத்துக் கொடுத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். எந்த மனுவுக்கு எத்தனை செட், எதில் பச்சை மையில் கையெழுத்து வேண்டும், எந்த கவுண்டரில் போட்டோவை ஒட்டாமல் பின் அடிக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆதாரம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2023 சித்திரையில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு அப்பா விழுந்தார். தேரிக்காட்டு ஓரத்தில், நாற்பதடிக்குக் குறையாத பனை. பாளை சீவி, கலயத்தை மாட்டிவிட்டு இறங்கத் திரும்பும்போது கையில் பிடித்த மட்டை பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. கீழே செம்மணல் குவிந்த தேரிதான். மெத்தை மாதிரி இருக்குமே என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் உடைந்திருந்தன. ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 58.

போலீஸ் எழுதிக்கொடுத்த எஃப்.ஐ.ஆரில் 'மரத்திலிருந்து தவறி விழுந்து' என்று மட்டும் இருக்கிறது. என்ன மரம், எதற்கு ஏறினார் என்று இல்லை. அம்மாவும் நானும் மனுவோடு உங்கள் முன்னால் நின்றபோது நீங்கள் அந்த வரியில் விரலை வைத்துக் கேட்டீர்கள்: "நுங்கு வெட்ட ஏறியிருக்கலாம்ல? சும்மா வீட்டுக்கு நாலு நுங்கு வெட்டப் போனதுக்கெல்லாம் எப்படிம்மா பணம் தர முடியும்?"

அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அம்மாதான் ஏதோ சொல்ல வந்தாள். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டீர்கள். அம்மா சொல்ல வந்ததை நான் சொல்கிறேன். அப்பா விழுந்தது அலகுப்பனையிலிருந்து. அலகுப்பனை என்றால் ஆண் பனை. ஆண் பனையில் நுங்கு காய்க்காது. பருவப்பனை என்கிற பெண் பனையில்தான் காய்க்கும். தேரிக்காட்டில் பிறந்த மூன்று வயசுப் பிள்ளைக்கும் இது தெரியும். உங்களுக்குத் தெரியாமல் இருப்பதில் தப்பில்லை, யாரும் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு பிறப்பதில்லை. ஆனால் தெரியாத ஒன்றை வைத்து ஒரு மனுஷனின் தொழிலை இல்லையென்று எழுதியதுதான் தப்பு.

அந்த மரம் இன்னும் நிற்கிறது. அப்பா விழுந்த மறுநாள், எங்களுக்குச் சித்தப்பா முறையாகிற ஒருவர் அதில் ஏறினார். அவருக்கு வயது 66. எங்கள் ஊரில் இப்போது பனையேற மிச்சம் இருக்கிறது அவர் ஒருத்தர்தான். அலகில், அதாவது ஆண் பனையின் பாளையில், கட்டியிருந்த கலயத்தை அவிழ்த்துக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். உள்ளே ஒரு படி அளவுக்குப் பதநீர், அடியில் சுண்ணாம்பு. புளித்துக் கள்ளாகிவிடக்கூடாது என்றுதான் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது. நுங்கு வெட்டப் போகிறவர் எதற்குச் சுண்ணாம்பு தடவிய கலயத்தோடு ஏறுகிறார்? இடுப்பில் எதற்கு அருவாப்பெட்டி? அதற்குள் எதற்கு அலகை நசுக்குகிற கடிப்பு? அந்தக் கலயம் இப்போதும் எங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. அதை மட்டும் என்னால் ஜெராக்ஸ் எடுக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் முதல்நாள் ராத்திரி டியூட்டியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். என்னைவிட இளையவளாக இருப்பாள். சட்டையைக் கத்தரித்துவிட்டு அப்பாவின் நெஞ்சைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் தோல் காய்த்துப் போய், நடுவில் கருத்து, ஆமை ஓடு மாதிரி இருக்கும். முழங்கையின் உட்பக்கமும் அப்படித்தான். பாதத்தில், காலில் மாட்டிக்கொண்டு மரம் ஏறுகிற தளைநார் அழுத்துகிற இடத்தில் ஒரு தழும்பு, இரண்டு காலிலும் ஒரே அளவில். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அவள் கேட்டாள், "எத்தனை வருஷமா பனை ஏறுறாங்க?" அந்தக் கேள்வி கேஸ் ஷீட்டில் ஏறவில்லை. ஏறியிருந்தால் அதையும் ஒரு நகல் எடுத்து இணைத்திருப்பேன்.

2020 கடைசியில் ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற மெஷின் வந்தது. முதல் மாதமே அப்பாவின் ரேகை விழவில்லை. கட்டைவிரலைத் துடைத்து, ஈரம் பண்ணி, எண்ணெய் தடவி, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். எதுவும் விழவில்லை. பனஞ்செதிளில் தேய்ந்து தேய்ந்து விரல் வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. "அந்த மெஷினுக்கு நான் யாருமே இல்லையாம்ட்டி" என்று சிரித்துக்கொண்டே வந்தார். அப்புறம் அரிசி வாங்க அம்மாதான் போனாள்.

அப்பா 14 வயதில் மரம் ஏற ஆரம்பித்தவர். பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் சீசன். ஒரு மரத்தில் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏற வேண்டும். கால்குலேட்டரில் ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். குறைத்தே வைத்துக்கொள்வோம், ஒரு நாளைக்கு 30 மரம். 60 தடவை ஏற்றம், 60 தடவை இறக்கம். சீசனுக்கு 150 நாள் என்றால் 9,000. அதை 44 வருடத்தால் பெருக்கினால் 3,96,000. நாலு லட்சம் தடவைக்கு நாலாயிரம்தான் குறைவு. அதில் ஒரே ஒரு தடவைதான் தவறியது. அந்த ஒரு தடவையைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நாங்கள் எட்டுப் பிள்ளைகள். அஞ்சு பொண்ணு, மூணு பையன். நான் ஐந்தாவது. ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று முக்கோணம் போட்டு எழுதியிருக்கும். அந்த வழியாகத்தான் அப்பா எங்களைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போவார். யாராவது கேலி செய்தால், "எனக்குப் படிக்கத் தெரியாதுல்லா" என்பார். தெரியும். மூன்றாம் வகுப்பு வரை போனவர், எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

சீசனில் அவர் வீடு திரும்ப இருட்டிவிடும். கொசுவுக்குப் பயந்து நாங்கள் தலையோடு போர்த்திக்கொண்டு திண்ணையில் வரிசையாகப் படுத்திருப்போம். கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்பா மரம் ஏற வைத்திருக்கும் முருக்குத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, குனிந்து காலை எண்ணுவார். "பதினாறும் வந்தாச்சு" என்று அம்மாவிடம் சொன்ன பிறகுதான் கை கழுவுவார். ஒரு நாள் இரண்டாவது அண்ணன் ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டான். பதினைந்து வந்ததும் அப்பா மறுபடி முதலிலிருந்து எண்ணினார். மூன்றாவது தடவை எண்ணும்போது அவர் குரல் மாறியதைக் கேட்டு அண்ணனே காலை நீட்டிவிட்டான். அதற்குப் பிறகு நாங்கள் யாரும் அந்த விளையாட்டை விளையாடவில்லை.

பிள்ளைகளை மரத்தில் ஏற விட்டதே இல்லை. அண்ணன் அருவாப்பெட்டியை எடுத்து இடுப்பில் கட்டிப் பார்த்ததற்கு ஒரு அடி விழுந்தது. எட்டுப் பேரிலும் அப்பாவிடம் அடிவாங்கியது அவன் ஒருத்தன், அந்த ஒரு தடவை. ஆனால் விடிலிக்கு நாங்கள் போகலாம். தோப்புக்குள் ஓலை வேய்ந்த சின்னக் குடிசை அது. அம்மா அங்கேதான் பதநீர் காய்ச்சுவாள். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு முத்தை இடித்துப் போடுவாள். பாகாகத் திரளுகிற கூப்பனிப் பதம் வந்ததும் ஒரு மாங்காய்த் துண்டைப் போட்டு எடுத்துத் தருவாள். எட்டுப் பேருக்கு எட்டுத் துண்டு. அப்புறம் பாகைச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. அந்தப் புகையில் 30 வருடம் உட்கார்ந்த அம்மாவுக்கு இப்போது பத்தடி நடந்தால் மூச்சு இரைக்கிறது. அவளுக்கு எந்தத் தொழிலாளர் அட்டையும் எந்தக் காலத்திலும் கிடையாது. 'வீட்டு வேலை' என்று எழுதிக்கொண்டீர்கள்.

ஏறிய மரம் ஒன்றுகூட எங்களுடையது இல்லை, எல்லாம் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்தது. அதில் ஒன்றுக்கு 'பள்ளிக்கூடப் பனை' என்று பேர். அந்த ஒரு மரத்துக் கருப்பட்டியைத் தனியாக ஒரு ஓலைப்பெட்டியில் சேர்த்து வைத்து, பள்ளிக்கூடம் திறக்கிறபோது விற்று, அந்தக் காசில்தான் நோட்டு வாங்குவார். வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் அந்தப் பெட்டியை யாரும் தொடக்கூடாது. அவர் விழுந்தது அந்த மரத்திலிருந்து இல்லை. அது வேறொரு கொல்லையில் நிற்கிறது. இப்போது அதில் யாரும் ஏறுவதில்லை.

நீங்கள் காகிதம் கேட்கிறீர்கள். இருக்கிறது. கருப்பட்டி வியாபாரி ஒருவரிடம் அப்பா 26 வருடம் பற்று வைத்திருந்தார். சீசனுக்கு முன்னால் முன்பணம் வாங்குவார், கருப்பட்டியாகத் திருப்பிக் கட்டுவார். அப்பா இறந்ததும் அந்த வியாபாரியின் மகன் பழைய நோட்டுகளைத் தேடியெடுத்து எங்களிடமே கொடுத்துவிட்டார். ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன். '1999 ஆனி, மூத்த மகள் சடங்கு, 1,500.' அதற்கு எதிரில் ஆடி மாதக் கருப்பட்டி வரவு. 'நாலாவது பிள்ளை டைபாய்டு, 800.' 'பாலிடெக்னிக் பீஸ், 4,000.' 'பிரசவம், 2-வது மகள்.' எங்கள் குடும்பத்தில் நடந்த நல்லது கெட்டது எல்லாம் அதில் தேதியோடு இருக்கிறது, எங்கள் யாருக்கும் ஞாபகமில்லாதது உட்பட. எனக்கு ஆறு வயதில் நாய் கடித்து ஊசி போட்டிருக்கிறார்கள். எனக்கே அதைப் படித்துத்தான் தெரியும். கடைசி வரவு 2023 பங்குனி, 38 கிலோ. அவர் இறப்பதற்கு ஒரு மாதத்துக்கு முந்தியது. 'இறந்த தேதியில் தொழிலில் ஈடுபட்டிருந்தார்' என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த நோட்டைக் காட்டியபோது, "இது தனியார் கணக்கு, செல்லாது" என்றீர்கள்.

சரி, தனியார் கணக்கு வேண்டாம். அரசாங்கக் கணக்கே தருகிறேன். தமிழ்நாட்டில் 1987-ல் கள்ளுக்குத் தடை வந்தது. அதிலிருந்து பதநீர் இறக்குகிறவனும் போலீசுக்குப் பயந்துதான் மரத்திலிருந்து இறங்க வேண்டும். 1996-ல் ஒரு நாள் சுண்ணாம்பு கொஞ்சம் குறைந்துபோய்ப் பதநீர் புளித்துவிட்டது. சோதனைக்கு வந்தவர்கள் மோந்து பார்த்துவிட்டு அப்பாவை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். கலயங்களை உடைத்தார்கள். கேஸ் நடந்தது, அபராதம் கட்டினார். அந்தக் குற்றப்பத்திரிகை நகல் என்னிடம் இருக்கிறது. அதில் அப்பாவின் பெயருக்குக் கீழே, 'தொழில்' என்ற இடத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது: 'பனை ஏறுதல்'. அபராதம் வாங்குகிறபோது அரசாங்கத்துக்கு அவர் பனையேறி என்று சந்தேகமில்லாமல் தெரிந்திருக்கிறது. பணம் கொடுக்கிறபோதுதான் தெரியவில்லை.

அப்பாவின் தொழிலாளர் அட்டை காலாவதியாகிவிட்டது என்பது உங்கள் அடுத்த காரணம். அது உண்மைதான். 2015-ல் போட்ட அட்டையை 2020-ல் புதுப்பித்திருக்க வேண்டும். ஊரடங்கில் உங்கள் அலுவலகமே பூட்டிக் கிடந்தது. பிறகு ஆன்லைன் என்றீர்கள். நானே கடையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை ஏற்றினேன். தொழில் சான்று இல்லை என்று திரும்பி வந்தது. கிராம நிர்வாக அலுவலர், மரத்துக்காரரிடம் கையெழுத்து வாங்கி வா என்றார். மரத்துக்காரர் சென்னையில் இருக்கிறார். "கையெழுத்துப் போட்டா நாளைக்கு மரம் எனக்குன்னு வந்து நிப்பிய" என்று போனை வைத்துவிட்டார். மறு வருடம் மறுபடி ஏற்றினேன், மறுபடி திரும்பியது. அதற்கடுத்த வருடம் நான் ஏற்றவில்லை. அப்பா இரண்டு தடவை கேட்டார், "சீசன் முடியட்டும்ப்பா, பார்ப்போம்" என்றேன். அதே வாரம் கடைக்கு வந்த எத்தனையோ பேருடைய அட்டையை நான் புதுப்பித்துக் கொடுத்திருக்கிறேன். இது என் தப்பு. இதை மறைத்துவிட்டு உங்களிடம் நியாயம் கேட்க மாட்டேன். ஆனால் என் தப்புக்கு அம்மாவைத் தண்டிக்காதீர்கள்.

பனை நம் மாநில மரம். 2021-ல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை நடுவோம் என்றார்கள். கலெக்டர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக்கூடாது என்றார்கள். ரேஷன் கடையில் கருப்பட்டி விற்போம் என்றார்கள். நல்ல விஷயங்கள்தான், குறை சொல்லவில்லை. அப்பா விழுந்த அதே 2023-ல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மரத்துக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது, கருப்பட்டிக்கு முத்திரை வந்துவிட்டது. நடுவில் ஏறி இறங்குகிறவன் மட்டும் காகிதத்தில் இல்லை. நடுகிற விதை பாளை விட 15 வருடமாவது ஆகும். அன்றைக்கு அதில் யார் ஏறுவார்கள் என்று நினைத்திருக்கிறீர்கள்? அப்பா எங்களை ஏற விடவில்லை. அவர் விழுந்த பிறகு நீங்கள் எழுதிய நாலு வரியை வாசித்தவன் எவனும் தன் பிள்ளையை ஏற விடமாட்டான்.

நான் கேட்பது இவ்வளவுதான். அப்பாவின் கோப்பைத் திரும்பத் திறங்கள். ஒரு நாள் குறித்து, எங்களை உட்காரவைத்து விசாரியுங்கள். அல்லது நீங்களே ஊருக்கு வாருங்கள், மரத்தைக் காட்டுகிறேன். சித்தப்பா அதில் ஏறியும் காட்டுவார். வியாபாரியின் நோட்டையும் 1996-ன் குற்றப்பத்திரிகையையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால் எந்த விதிப்படி முடியாதென்று எழுத்தில் கொடுங்கள். ஊரடங்கில் காலாவதியான அட்டைகளுக்குத் தாமதத்தை மன்னித்து ஒரு வாய்ப்பு கொடுக்கும்படி மேலே எழுதுங்கள். இந்தச் சிக்கல் எங்கள் வீட்டுக்கு மட்டும் இருக்காது.

இனிமேல் பனையேறிக்குத் தொழில் சான்று கொடுக்கும்போது மரத்துக்காரர் கையெழுத்தைக் கேட்காதீர்கள். பாட்டத்துக்கு மரம் எடுப்பவனுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. கூட ஏறுகிற இரண்டு பேர் சொன்னால் போதும் என்று வையுங்கள். மரத்திலிருந்து விழுந்தவர்களின் எஃப்.ஐ.ஆரில் என்ன மரம், என்ன வேலை என்று எழுதும்படி காவல்துறைக்கும் ஒரு கடிதம் போடுங்கள். விடிலியில் காய்ச்சுகிற பெண்களைத் தொழிலாளி என்று பதிவு செய்யுங்கள். அம்மாவிடமிருந்தே தொடங்கலாம், விண்ணப்பத்தைத் தயாராக வைத்திருக்கிறேன். மூன்று செட்.

கடைசியாக ஒன்று. மனுவோடு அப்பாவின் அசல் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டீர்கள். நிராகரித்தபோது நகல்களைத்தான் திருப்பி அனுப்பினீர்கள், அட்டை வரவில்லை. பணம் தருவதும் தராததும் விசாரணைக்குப் பிறகு இருக்கட்டும். அட்டையை மட்டும் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். அப்பா சட்டை போட்டுக்கொண்டு எடுத்த போட்டோ அதில் மட்டும்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஐந்தாவதாகப் பிறந்த மகள்